லண்டனிலிருந்து ஒரு நாள் ரயில் பயணம்: தேனிலவுக்கு எந்த ஊர் ஏற்றது?

நிலாமுற்றம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்குத் திருமணமாகிச் சில வாரங்களே ஆகின்றன. வரும் ஜூன் மாதம் ஒரு வாரம் லண்டனில் தங்கவிருக்கிறோம். அதில் ஒரு நாளை முழுவதும் ரயிலுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். என் கணவருக்கு ரயில் என்றால் உயிர். எந்த நிலையத்தில் இறங்கினாலும் வாசலைத் தேடாமல் எஞ்சின் இருக்கும் பக்கம் நடந்துவிடுவார். எனக்குப் பழைய கட்டடங்களைப் பார்க்கப் பிடிக்கும், அதிலும் வழிபாட்டுத் தலங்களென்றால் நேரம் போவதே தெரியாது.

காலையில் லண்டனை விட்டுக் கிளம்பி, சால்ஸ்பரி, ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் பழங்காலக் கல்வட்டம், பாத், பிரிஸ்டல் ஆகிய நான்கையும் பார்த்துவிட்டு இரவு திரும்பிவிடலாம் என்று ஒரு திட்டம் போட்டு வைத்திருக்கிறோம். உறவினர் ஒருவரோ, அதெல்லாம் வேண்டாம், யார்க் நகரத்துக்குப் போங்கள் என்கிறார். நான்கு இடங்களை ஒரே நாளில் பார்ப்பது நடக்கிற காரியமா? யார்க் ஒரே நாளில் போய்வரக்கூடிய தொலைவில் இருக்கிறதா? பயணச்சீட்டை எப்படி வாங்கினால் செலவு குறையும்? ஓடி ஓடிப் பார்ப்பதில் எங்கள் இருவருக்குமே விருப்பமில்லை. ஜன்னலோரம் அமர்ந்து பேசிக்கொண்டே போகும் நேரமும் அந்த நாளில் இருக்க வேண்டும்.

தண்டவாளம் எழுதியது:

மணமக்களுக்கு வாழ்த்துகள். உங்கள் இருவருடைய விருப்பமும் ஒரே ஊரில் நிறைவேற வேண்டுமென்றால் உங்கள் உறவினர் சொன்ன யார்க்தான் சரி. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் யார்க் வந்துவிடும். வழியில் மலையோ கடலோ இல்லை, பெரும்பாலும் சமவெளி வயல்கள்தாம் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். ஆனால் ரயிலை நேசிப்பவருக்கு அந்தத் தடமே ஒரு காட்சிப்பொருள்.

யார்க் நிலையத்தில் இறங்கியதும் உடனே வெளியேறிவிடாதீர்கள். 1877இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் கூரை, தண்டவாளத்தின் வளைவை ஒட்டியே வளைந்து செல்கிறது. நடைமேடையின் ஒரு முனையில் நின்று பார்த்தால், இரும்பு வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிப் போய்க் கண்ணுக்கு மறைவது தெரியும். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் தேசிய ரயில்வே அருங்காட்சியகம்; நுழைவுக் கட்டணம் கிடையாது. அங்கே நீல நிறத்தில் நிற்கும் மாலர்ட் என்ற நீராவி எஞ்சினை உங்கள் கணவருக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியிருக்காது. 1938ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி மணிக்கு 126 மைல், அதாவது சுமார் 203 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு அது படைத்த உலக சாதனையை வேறெந்த நீராவி எஞ்சினும் இன்றுவரை முறியடிக்கவில்லை.

இதில் தேனிலவுப் பயணிகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தச் சாதனை நடந்தது கிரந்தம் ஊருக்குத் தெற்கே, பீட்டர்பரோ செல்லும் வழியிலுள்ள ஸ்டோக் பாங்க் என்னும் சரிவில். மாலர்ட் அன்று தெற்கு நோக்கித்தான் இறங்கியது. நடுச் சிலிண்டரோடு இணைந்த தாங்கி சூடேறிப் பழுதானதால், பீட்டர்பரோவில் அதை நிறுத்தி, அங்கிருந்து வேறு எஞ்சினைப் பூட்டி ரயிலை லண்டனுக்கு அனுப்பினார்கள். மாலையில் நீங்கள் லண்டன் திரும்பும்போது, அதே சரிவில் அதே திசையில், அந்த வேகத்துக்கு மிக அருகிலேயே இறங்குவீர்கள். இன்றைய விரைவு ரயில்கள் அத்தடத்தில் மணிக்கு 125 மைல் வரை ஓடுகின்றன. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருப்பதால் ஏழு மணி ரயிலில் ஏறினாலும் இதைப் பார்க்கலாம். எஞ்சினை நேரில் பார்த்த அன்றே அது ஓடிய இடத்தையும் கடந்துபோகும் வாய்ப்பை விட்டுவிடாதீர்கள்.

உங்களுக்கு யார்க் மின்ஸ்டர் பேராலயம் போதும் என்று நினைக்கிறேன். அதன் கிழக்குப் பெருஞ்ஜன்னல் ஒரு டென்னிஸ் மைதானத்தின் அளவு இருக்கும். 1405 முதல் 1408 வரை ஜான் தார்ன்டன் என்ற கண்ணாடிக் கலைஞரின் பட்டறையில் உருவான அந்த வண்ணக் கண்ணாடியில், உலகம் தோன்றியதில் தொடங்கி அது முடிவது வரையிலான விவிலியக் காட்சிகள் இருக்கின்றன. அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும் என்பதால், ஓரிடத்தில் அமர்ந்து கீழ்வரிசையிலிருந்து மெல்ல மேலே போவது நல்லது. பேராலயத்துக்குக் கட்டணம் உண்டு. மாலை வழிபாட்டுக்கு வருவோரிடம் வாங்குவதில்லை. பாடகர் குழுவின் பாடலைக் கேட்டுவிட்டு நகர மதிலின் மேல் நடந்தே நிலையத்துக்குத் திரும்பலாம்.

மேற்குவாசல் எழுதியது:

யார்க்கின் சிறப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மணி நேரம் சமவெளியில் போவதைவிட, ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஏதாவது இருக்கிற வழியில் போவதுதான் புதுமணத் தம்பதியருக்கு இனிமையாக இருக்கும் என்பது என் கருத்து. உங்கள் திட்டத்தை அப்படியே கைவிட வேண்டியதில்லை, பாதியாகக் குறைத்தால் போதும்.

முதலில் ஸ்டோன்ஹெஞ்சை எடுத்துவிடுங்கள். அங்கே ரயில் நிலையம் கிடையாது; சால்ஸ்பரியில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும், போய்வருவதற்குள் அரை நாள் கரைந்துவிடும். பிரிஸ்டலையும் எடுத்துவிடுங்கள், அது தனியாக ஒரு நாள் கேட்கும் ஊர். மீதமிருக்கும் சால்ஸ்பரியையும் பாத்தையும் ஒரு முக்கோணமாக இணைக்கலாம். காலையில் லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து சால்ஸ்பரிக்கு ஒன்றரை மணி நேரம், பிற்பகலில் அங்கிருந்து பாத் நகரத்துக்கு நேரடி ரயிலில் ஒரு மணி நேரம், இரவு பாத்திலிருந்து லண்டன் பாடிங்டன் நிலையத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். போன வழியிலேயே திரும்புகிற அலுப்பு இதில் இல்லை.

சால்ஸ்பரி பேராலயத்தின் கோபுரம் 123 மீட்டர் உயரம். பிரிட்டனின் பேராலயக் கோபுரங்களில் இதுவே மிக உயரமானது. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பிட்ட 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா சாசனத்தின் எஞ்சியிருக்கும் நான்கு மூலப்படிகளில் ஒன்று இங்கே இருக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது உள்ளே இருக்கும் பழைய கடிகாரம். சுமார் 1386இல் செய்யப்பட்டதாகக் கருதப்படும் அதற்கு முகப்பும் இல்லை, முட்களும் இல்லை. மணியடித்து நேரத்தை அறிவிப்பதற்கென்றே செய்த இரும்புச் சட்டமும் பற்சக்கரங்களும் மட்டுமே. எஞ்சின் பக்கம் நடக்கிறவர் அதன் முன்னால் நின்றுவிடுவார்.

சால்ஸ்பரியிலிருந்து பாத் செல்லும் தடத்தின் கடைசிப் பகுதி ஏவன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் போகிறது. பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் நிலையம் தாண்டியதும் விழிப்பாக இருங்கள். ஏவன்கிளிஃப் என்னுமிடத்தில், ஆற்றையும் தண்டவாளத்தையும் கடக்கும் கல்பாலத்தின் மேல் ஒரு கால்வாய் ஓடுகிறது. உங்கள் ரயில் அதன் அடியில் நுழைந்து செல்லும்போது தலைக்கு மேலே படகு போய்க்கொண்டிருக்கலாம்.

பாத்தில் ரோமானியர் குளியல்கூடம் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. சுமார் 46 டிகிரி வெப்பத்தில் ஊற்றெடுக்கும் அந்த நீரில் அங்கே குளிக்க அனுமதி இல்லை. குளிக்க விரும்பினால் அருகிலுள்ள தெர்மே பாத் ஸ்பாவில் அதே வெந்நீரூற்றின் நீர் நிரம்பிய மொட்டைமாடிக் குளம் இருக்கிறது. மாலை வெயில் தணிந்தபின் இருவரும் அங்கே அமர்ந்திருந்துவிட்டு ரயிலேறலாம்.

வழித்துணை எழுதியது:

எந்த ஊரானாலும், முதலில் டூ டுகெதர் ரயில்கார்டு வாங்கிவிடுங்கள். இருவர் பெயரும் படமும் கொண்ட ஒரே அட்டை; ஓராண்டுக்கு 35 பவுண்டு. இருவரும் சேர்ந்தே பயணம் செய்யும்போது கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும், வெளிநாட்டவரும் வாங்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9.30க்கு முன் இது செல்லாது. சனி, ஞாயிறுகளில் அந்தத் தடை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தடப் பராமரிப்பு வேலைக்காக ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவது சகஜம் என்பதால் ரயிலுக்காகவே போகிறவர்கள் அன்றைய நாளைத் தவிர்ப்பதே மேல்.

அட்வான்ஸ் சீட்டு மலிவானது, ஆனால் குறித்த ரயிலில் மட்டுமே செல்லும். தாமதமாக வந்து அடுத்த ரயிலில் ஏறினால் புதிய சீட்டு வாங்க வேண்டியிருக்கும். காலைப் பயணத்துக்கு அட்வான்ஸ் சீட்டும், திரும்புவதற்கு நெரிசலற்ற நேரத்து ரயில்கள் எதிலும் ஏற இடம்தரும் ஆஃப்-பீக் சீட்டும் கிடைக்கிறதா என்று விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். தேனிலவில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவது நன்றாக இருக்காது. இன்னொன்று: ஜன்னலோர இருக்கை என்று பதிவு செய்தாலும், சில இருக்கைகளுக்கு நேரே ஜன்னலுக்குப் பதில் இரண்டு ஜன்னல்களுக்கு இடைப்பட்ட சுவர்தான் இருக்கும். நடுவில் மேசையுள்ள இருக்கைகளில் எதிரெதிரே இரண்டைப் பதிவு செய்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

நிலாமுற்றம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்டோக் பாங்க் பற்றிப் படித்துக் காட்டியதுமே என் கணவர் யார்க் என்று முடிவுசெய்துவிட்டார்; கிழக்குப் பெருஞ்ஜன்னல் இருப்பதால் எனக்கும் முழுச் சம்மதம். சனிக்கிழமை போகிறோம். மின்ஸ்டரின் நடுக்கோபுரத்தில் ஏறலாம் என்கிறார்களே, அதற்கு நேரம் இருக்குமா?

தண்டவாளம் எழுதியது:

தாராளமாக இருக்கும். மொத்தம் 275 படிகள், சுழல் படிக்கட்டு மிகக் குறுகலானது. கோபுரத்துக்குத் தனிச் சீட்டும் குறித்த நேரமும் உண்டு என்பதால், ரயிலைப் பதிவு செய்த கையோடு அதையும் பதிவு செய்துவிடுங்கள். எட்டு மணியளவில் கிங்ஸ் கிராஸில் புறப்பட்டால் பத்து மணிக்கெல்லாம் யார்க். அருங்காட்சியகத்தை முதலில் வைத்துக்கொண்டு, கோபுரத்துக்குப் பிற்பகல் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். அருங்காட்சியகத்தை இரண்டாவதாக வைத்தால் உங்கள் கணவரை வெளியே அழைத்துவருவதற்குள் மாலை ரயில் போய்விடும்.