ரோக் ஒன்: மனதில் நிற்பது ஆட்களா, கடைசி அரை மணி நேரமா?

வான்மீன்:
நேற்று ராத்திரி ஸ்டார் வார்ஸ் வரிசையில் வந்த ரோக் ஒன் படத்தைத் திரும்பவும் பார்த்தேன். 2016 டிசம்பரில் தியேட்டரில் வந்த அதே ஏமாற்றம். கிரகத்தையே அழிக்கும் பேரரசின் ஆயுதமான டெத் ஸ்டாரின் வரைபடத்தைத் திருடப் போன புரட்சிக்காரர் கூட்டத்தில் ஒருத்தர்கூட மிஞ்சுவதில்லை. அத்தனை பேர் சாகும்போது தொண்டை அடைக்க வேண்டாமா? எனக்கு அடைக்கவில்லை. இராமன் ஆண்டால் என்ன, இராவணன் ஆண்டால் என்ன என்றிருந்த கதாநாயகி ஜின், புரட்சிக்காரர்களின் யாவின் தளத்தில் திடீரென்று எல்லோரையும் போருக்கு அழைக்கிறாள். நடுவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. டிரெய்லரில், கடைசிச் சண்டை நடக்கும் ஸ்காரிஃப் கிரகத்தின் கடற்கரையில் வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஜின் ஓடுவாள். படத்தில் அது கிடையாது. திரைக்கதையாளர் டோனி கில்ராயை அழைத்து மறுபடியும் எடுத்துச் சேர்த்ததன் தையல் தெரிகிறது.

கடைசி பெஞ்ச்:
ஒன்றும் விட்டுப்போகவில்லை நண்பா. ஜெதா நிலவில் அப்பா கேலனின் ஹாலோகிராம் செய்தி முன்னால் அவள் மண்டியிட்டு உடைகிறாள். அப்புறம் ஈடு கிரகத்தில் அதே அப்பா, புரட்சிக்காரர்கள் போட்ட குண்டில் அவள் கையிலேயே சாகிறார். அப்பாவைக் கொன்றவர்களிடமே போய் உதவி கேட்கிற பெண்ணுக்கு இதைவிட என்ன மாற்றம் வேண்டும்?

ஜின்னோடு போகும் புரட்சிப் படை உளவாளி காசியனையும் பாருங்கள். அறிமுகமான சில நிமிடங்களிலேயே, கையில் அடிபட்டுச் சுவர் ஏற முடியாமல் நிற்கும் தன் தகவலாளியைச் சமாதானப்படுத்திக்கொண்டே சுட்டுவிடுகிறான். ஸ்டார் வார்ஸில் நல்லவர்கள் பக்கத்து ஆளை இப்படிக் காட்டியதே புதுசு.

தீபா:
எனக்கு வேறு ஒரு வருத்தம். 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் வில்லன் டார்கினாக நடித்த பீட்டர் குஷிங் இறந்தது 1994இல். இந்தப் படத்தில் டார்கினாக கை ஹென்றி என்ற நடிகரை நடிக்கவைத்து, அவர் முகத்தின் மேல் கணினியில் குஷிங்கின் முகத்தை ஏற்றினார்கள். குடும்பத் தரப்பில் சம்மதம் வாங்கினார்கள், சரி. ஆனால் குஷிங் அந்தக் காட்சியை இப்படிச் செய்யலாம் என்று யோசிக்கவே இல்லையே? டார்கின் பேசும்போதெல்லாம் என் கண் அந்த உதட்டிலேயே நின்றது. அதே படத்தில், 1977 படத்துக்காக எடுத்துப் பயன்படுத்தாமல் வைத்திருந்த விமானிகளின் பழைய ஃபிலிமைச் சண்டையில் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சில நொடிகள் உயிரோடு இருக்கின்றன.

வான்மீன்:
தீபா சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. காசியன் விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அவனை நாம் இன்று நேசிப்பதற்குக் காரணம் அவன் கதையைச் சொல்ல 2022இல் தொடங்கிய ஆண்டோர் தொடர். 24 எபிசோட் எடுத்து அடைத்த கடன் அது. 2016இல் படம் மட்டும்தான் இருந்தது. அன்றைக்குத் தியேட்டரை விட்டு வந்தவர்கள் பேசியது யாரைப் பற்றி? இருட்டு நடைபாதையில் சிவப்பு வாளோடு வந்த வில்லன் டார்த் வேடரைப் பற்றி.

கடைசி பெஞ்ச்:
அந்த நடைபாதையையே எடுத்துக்கொள்வோம். கதவு பாதி திறந்து சிக்கிக்கொள்கிறது. பின்னால் ஒவ்வொருத்தனாக விழுகிறார்கள். ஒரு புரட்சிச் சிப்பாய் வரைபடம் இருக்கும் தகட்டை இடுக்கு வழியாக நீட்டி, எடுத்துக்கொண்டு போ என்று கத்துகிறான். அந்தப் பக்கம் இருப்பவன் வாங்கிக்கொண்டு ஓடுகிறான். இரண்டு பேருக்கும் பெயர் கிடையாது. எனக்கு வேடரைவிட அந்தக் கைதான் படம்.

கேலன் சொன்ன செய்தியைப் பேரரசை விட்டு ஓடிவந்த விமானி போதி சுமந்தான், போதி கொண்டுவந்ததை ஜின் பார்த்தாள், ஜின்னும் காசியனும் கோபுரத்திலிருந்து அனுப்பினார்கள், கடைசியில் இளவரசி லேயா கைக்கு வந்தது. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் நிறுவனமான ஐஎல்எம்மின் ஜான் நோல் (அண்ணனோடு சேர்ந்து ஃபோட்டோஷாப்பை உருவாக்கியவர்) இந்தக் கதையை எடுத்ததே 1977 படத்தின் தொடக்கத்தில் ஏறிப்போகும் எழுத்துகளிலிருந்துதான். ஒற்றர்கள் திருடினார்கள் என்று அங்கே ஒரு வரி, பெயர் எதுவும் இல்லை. அந்தப் பெயரில்லாதவர்களுக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் முன்கதை வைத்திருந்தால் இந்த ஓட்டமே வந்திருக்காது.

வான்மீன்:
கையிலிருந்து கைக்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன், நான் அப்படிப் பார்த்ததில்லை. போதியையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சரக்கு விமானி. கப்பலின் அழைப்புப் பெயர் என்ன என்று கேட்கும்போது திக்கித் திணறி "ரோக்... ரோக் ஒன்" என்கிறான், படத்துக்கே பெயர் வைத்துவிடுகிறான். போதியாக நடித்த ரிஸ் அகமதுவின் கண்ணில் அந்தப் பயம் நிஜம். ஆனால் ஜின்? கடற்கரையில் காசியனைக் கட்டிக்கொண்டு நெருங்கி வரும் வெடிப்பின் வெளிச்சத்தைப் பார்க்கும்போதும் அவள் எனக்கு அந்நியமாகத்தான் இருந்தாள். அதில் நான் மாறவில்லை.