டே லில்லி வளர்த்தவர்கள், கிராஸ் போட்டுப் பார்த்தவர்கள்: மனதைவிட்டுப் போகாத ஒரு நாள்

திருநகர் மாடி

இரண்டு வருஷமாக இது மனதில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். மகள் பிரசவத்துக்காக மினசோட்டா போயிருந்தேன். பின்வீட்டுப் பாட்டி டே லில்லி என்கிற பூச்செடியில் கிராஸ் போடுகிறவர், அதாவது ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொரு ரகத்தில் தொட்டு, அந்த விதையிலிருந்து புது ரகம் எடுக்கிறவர். குளிர் தாங்க வேண்டும், தண்டு ஆள் உயரம் வர வேண்டும், இந்த இரண்டுக்காகவே இருபது வருஷமாக விதை போட்டுக்கொண்டிருக்கிறார். ஜனவரியில் மைனஸ் 25, 30 என்று இறங்குகிற ஊர் அது. தொட்டியில் வைத்து வீட்டுக்குள் தூக்கி வைப்பதெல்லாம் அவரிடம் கிடையாது. வெளியே பனிக்கடியில் கிடந்து, குளிர் போனதும் தானாக எழுந்து வந்தால்தான் அது செடி.

ஜூலை நடுவில் எல்லாம் ஒரே சமயத்தில் பூத்தன. நாற்றுப் பாத்தி நான்கு வரிசை. மூன்றாம் வருஷ நாற்றுகள், எல்லாவற்றுக்கும் அதுதான் முதல் பூ. பாட்டி ஒரு கையில் அளவுக்குச்சியும் இன்னொரு கையில் சின்னச் சின்ன மஞ்சள் கொடிகளுமாக வந்தார். கொடி குத்தினால் அந்தச் செடி இருக்கும். குத்தாதது அன்றைக்கே வெளியே. முந்தின ராத்திரி நல்ல மழை. சாய்ந்த தண்டுகளைப் பூவின் நிறம்கூடப் பார்க்காமல் ஒதுக்கிக்கொண்டே போனார்.

கடைசி வரிசையில் ஒன்று. என் தோள் உயரம். நாவல்பழ நிறம், தொண்டைக்குள் மட்டும் பச்சை. தண்டு கொஞ்சம் சாய்ந்திருந்தது, மொட்டும் மூன்றுதான். மண்ணைக் கிளறுகிற முள்கரண்டியை என் கையில் கொடுத்து, நீயே எடு என்றார். நான் மேலூர்ப் பக்கம் வயல் வீட்டில் பிறந்தவள். கத்தரி நாற்று, பருத்தி நாற்று என்று அடர்ந்து நிற்பதை எத்தனையோ பிடுங்கி வீசியிருக்கிறேன். ஆனால் பூத்து நிற்கிற செடியில் கை வைத்ததே இல்லை. நின்றுகொண்டே இருந்தேன். அவரே வாங்கி, வேரோடு கெல்லி உரக்குழியில் போட்டுவிட்டார்.

அங்கே ராத்திரி 9 மணி வரை வெளிச்சம். பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் நடக்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போனது. வேர் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது, பூ மட்டும் அன்றைய பொழுது முழுக்க விரிந்தே இருந்தது. "எனக்குக் கொடுங்கம்மா, மகள் வீட்டில் நட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

உங்களுக்கு இந்தப் பூவோடு என்ன நடந்தது?

கோச்சடை

எனக்கு நடந்தது சின்ன விஷயம், ஆனால் நினைத்தால் இன்னும் வயிறு கலங்கும். ஆன்லைனில் ஐந்து வேர்க்கிழங்கு வாங்கினேன். உயரமான ரகம், மைனஸ் குளிரைத் தாங்கும் என்று போட்டிருந்தார்கள். மைனஸையே தாங்குகிறது நம்ம வெயிலையா தாங்காது என்று நினைத்தேன். இரண்டு வருஷம் இலை மட்டும்தான், அதுவும் ஒரு சாண் உயரம். ஒரு தண்டு எழவில்லை. இரண்டாவது ஐப்பசி அடைமழையில் இலையெல்லாம் மஞ்சளாகி விழுந்தது. உறங்குகிறது போல என்று விட்டுவைத்தேன்.

மழை விட்டதும் செடிப் பையைக் கவிழ்த்தேன். கிழங்கை எடுத்தால் வேகவைத்த கருணை மாதிரி விரல் உள்ளே போகிறது. அந்த நாற்றம் இரண்டு நாள் கையைவிட்டுப் போகவில்லை. ஐந்தும் அப்படியே. உறங்குகிறது என்று நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது அழுகிய கிழங்குக்கு.

பழங்காநத்தம்

கோச்சடை அண்ணே, தண்ணீர் மட்டும் காரணம் இல்லை, நீங்கள் வாங்கிய ரகமே காரணம். டே லில்லியில் குளிர்காலத்தில் இலையை மொத்தமாக உதிர்த்து உறங்குகிற வகை ஒன்று, வருஷம் பூராவும் பச்சையாக இருப்பது ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒன்று. வடக்கு ஊர்களுக்காகத் தேர்ந்தெடுத்தவற்றில் பெரும்பாலும் முதல் வகை. அதற்கு வருஷத்துக்கு ஒரு நல்ல குளிர் வேண்டும். மதுரையில் மார்கழியிலும் ராத்திரி 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. உறக்கமே இல்லாமல் வருஷக்கணக்கில் விழித்திருந்தால் செடி என்ன செய்யும், சேர்த்து வைத்ததையெல்லாம் செலவழித்துவிட்டுத் தேய்ந்துதான் போகும். அடுத்த தடவை எப்போதும் பச்சையாக இருக்கிற வகை என்று கேட்டு வாங்குங்கள். மண்ணில் பாதிக்குப் பாதி மணலும் நார்க்கழிவும் சேருங்கள். கிழங்கின் தலை ஒரு அங்குலத்துக்குக் கீழே போக வேண்டாம். சித்திரை, வைகாசியில் மதிய வெயிலுக்கு நிழல்வலை போடுங்கள்.

திருநகர் அம்மா, அந்தப் பாட்டி செய்ததில் ஒரு தப்பும் இல்லை. கிராஸ் போடுகிறவர் நூற்றுக்கணக்கில் விதை போட்டு ஒன்றிரண்டைத்தான் வைத்துக்கொள்ள முடியும். உயரத்துக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். உயர்ந்த தண்டு காற்றிலும் மழையிலும் சாயும். சாய்கிற குணத்தை விட்டுவைத்தால் அடுத்த தலைமுறைக்கும் வரும். மொட்டு மூன்று என்றால் மூன்று நாள்தான் பூ, ஏனென்றால் ஒவ்வொரு பூவுக்கும் ஆயுள் ஒரு நாள். கிளை பிரிந்து இருபது முப்பது மொட்டு வைத்தால்தான் தோட்டத்தில் ஒரு மாதம் பார்க்க முடியும். குளிர் தாங்குமா என்பதோ குளிரில் போட்டால்தான் தெரியும். அங்கே வசந்தத்தில் இளகி மறுபடி உறைகிற நாட்களில் நடுக்குருத்து அழுகிப்போவதும் உண்டு. இருபது வருஷம் என்பது இதற்குக் குறைவுதான்.

இந்த வேலையை ஒழுங்காக ஆரம்பித்துவைத்தவர் நியூயார்க் தாவரவியல் பூங்காவில் இருந்த ஆர்லோ ஸ்டவுட். 1911இல் அங்கே சேர்ந்தவர், 1934இல் டே லில்லிக்கென்றே புத்தகம் எழுதினார். சீனாவில் நான்ஜிங் பக்கத்து மலையிலிருந்து வந்த ஒரு காட்டு வகை ஆறடி வரை போகும், மாலையில் விரிந்து காலையில் மூடும். அதன் உயரத்தை எடுத்து அவர் உருவாக்கிய ‘ஆட்டம் மினரெட்’ 1951இல் வந்தது. தண்டு 66 அங்குலம், அதாவது ஐந்தரை அடி. உயரத்துக்கு இன்றைக்கும் அதைப் பெற்றோராக வைத்துக் கிராஸ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் எல்லாருக்கும் ஒன்று. கண்ணில் பட்ட இரண்டைச் சேர்க்காதீர்கள். 22 குரோமோசோம் உள்ளதும் 44 உள்ளதும் சேராது. ஆரஞ்சு நிறப் பழைய வகைக்கு 33, அது காயே பிடிக்காது, வீண் வேலை.

என் அனுபவம்: மகரந்தத்தைச் சின்ன டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்திருந்தேன், வேறொரு ரகம் பூக்கும்வரை. அம்மா ஏதோ பழைய மருந்து என்று தூக்கிப் போட்டுவிட்டார்கள். அந்த ரகம் அதற்கப்புறம் பூக்கவில்லை.

கொடைக்கானல்

தம்பி, அந்த ஆரஞ்சு வகையோடு மூன்று வருஷம் கிடந்தவன் நான். வீண் வேலை என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களாவில் தோட்ட வேலை. வேலி ஓரம் முழுக்க ஆரஞ்சு டே லில்லி, யார் எப்போது வைத்ததோ. 7,000 அடி உயரத்தில் மார்கழி, தையில் புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அதற்கெல்லாம் அசையாத செடி. காட்டெருமை மிதித்துப் போன இடத்திலும் மறுமாதம் குருத்து விடும். இவ்வளவு வீரியமான செடியில் ஒரு விதை எடுத்துவிட்டால் என்ன என்று ஆசை. காலை பனி காய்ந்ததும் மகரந்தத்தாளைக் கிள்ளி, சூல்முடியில் தொட்டு, தண்டில் வெள்ளை நூல் கட்டுவேன். மூன்று நாளில் நூலோடு பூக்காம்பு கீழே கிடக்கும். ஒரு சீசனுக்கு இருநூறு நூல். மூன்று சீசன்.

ஒரு நாள் பங்களாவுக்கு வந்த விருந்தாளி, கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிற அம்மா, நான் நூல் கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இதற்குக் காய் பிடிக்காது, இரண்டாகச் சமமாகப் பிரிய முடியாத எண்ணிக்கை இதனுடையது, இந்த வேலி முழுக்க ஒரே செடிதான், வேரால் பரவியது என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் வேலியை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை பார்த்தேன். ஒரே செடி. அந்த நிமிஷத்தை மறக்க முடியவில்லை.

தம்பிக்கு ஒரு திருத்தம். காய் பிடிக்காது என்பது சரி, ஆனால் அதன் மகரந்தம் எப்போதாவது மற்ற வகையில் ஒட்டும். நீங்கள் சொன்ன ஸ்டவுட்டே அதை வைத்து வேலை செய்திருக்கிறார். அந்த அம்மா சொல்லித்தான் தெரியும். அவர் போன பிறகு ஒரு மஞ்சள் வகையில் அதைத் தொட்டுவைத்தேன். ஒரு காய், உள்ளே இரண்டு விதை. முளைக்கவில்லை. ஆனால் விதை விழுந்தது.

உசிலம்பட்டி

எங்கள் வீட்டில் சுரைக்கொடிக்குச் சாயங்காலம் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தேய்த்துவிடுவது என் வேலை, சின்னப் பிள்ளையிலிருந்து. அதனால் டே லில்லி கிராஸ் எனக்குப் பயமாகத் தெரியவில்லை. எப்போதும் பச்சையாக இருக்கிற வகை இரண்டு. ஒன்று மஞ்சள், ஒன்று செங்கல் நிறம், உயரம் மூன்றடி. மாசியில் தொட்டதெல்லாம் உதிர்ந்தது. வெயில் 35க்கு மேல் போனால் காய் நிற்பதில்லை. அடுத்த தடவை கார்த்திகையில், காலை ஏழு மணிக்குள் தொட்டேன். ஒரு காய் நின்றது. ஐம்பது நாளில் வெடித்தது. மிளகு மாதிரி கறுப்பாக, பளபளவென்று ஒன்பது விதை. ஆறு முளைத்தது, நான்கு தங்கியது.

ஒன்றே கால் வருஷம் கழித்து பங்குனிக் கடைசியில் ஒரு செடியில் தண்டு எழுந்தது. இரண்டு மொட்டு. தண்டு தினம் ஏறிக்கொண்டே போய் நாலடியைத் தாண்டியது, தாயும் தகப்பனும் இல்லாத உயரம். தினமும் விடியும்முன் போய்ப் பார்ப்பேன்.

சித்ரா பௌர்ணமி. வருஷம் தவறாமல் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மதுரைக்குப் போவோம், முந்தின நாளே போய் அக்கா வீட்டில் தங்குவோம். மொட்டைத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினேன். அழகரைப் பார்த்துவிட்டு ராத்திரி வீடு வந்து டார்ச் அடித்தால், பூ சுருண்டு ஈரத்துணி மாதிரி தொங்குகிறது. விரித்துப் பார்த்தேன், நிறம் ஒன்றும் தெரியவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளை தண்ணீர் ஊற்ற மாடிக்கு வந்திருக்கிறாள். எப்படி இருந்தது பாப்பா என்று கேட்டேன். "பெருசா இருந்துச்சு அத்தை, நடுவுல சூரியன் மாதிரி" என்றாள். போட்டோ எடுக்கத் தோன்றவில்லை அவளுக்கு. இரண்டாவது மொட்டு கத்திரி வெயிலில் கருகி உதிர்ந்தது. செடி இருக்கிறது, இந்த வருஷம் தண்டு வரவில்லை.

என் செடியை நான் பார்த்ததில்லை.

சிம்மக்கல்

பூனை வளர்ப்பவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களா? இங்கே யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். டே லில்லி பூனைக்கு விஷம். இலை, பூ, மகரந்தம் எல்லாமே. சிறுநீரகத்தைத் தாக்கும். சீனாவில் மனிதர்கள் மொட்டை உலர்த்திச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று படித்துவிட்டு, சாப்பிடுகிற பொருள்தானே என்று மாடி முழுக்க வைத்தேன். எங்கள் பூனை மீசையில் மஞ்சள் பொடியோடு இறங்கி வந்தது. அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்தேன். அன்றைக்கு ராத்திரி வாந்தி. டாக்டரிடம் தூக்கிப் போனது இரண்டாம் நாள். நாலாம் நாள் இல்லை. அந்த போட்டோ இன்னும் போனில் இருக்கிறது. பூனை அந்தப் பூவை முகர்ந்தாலே உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள், வாந்திக்காகக் காத்திருக்காதீர்கள்.

பழங்காநத்தம்

கொடைக்கானல் ஐயா, திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு விதை என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். முளைக்காததற்குக் காரணம் குளிர் கொடுக்காததாக இருக்கலாம். உறங்குகிற வகையின் விதையை ஈர டிஷ்யூவில் சுற்றி, ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டில் நாலு வாரத்திலிருந்து ஆறு வாரம் வைத்துவிட்டு நட வேண்டும். மறுபடி ஒரு காய் பிடித்தால் சொல்லுங்கள், நானே மேலே வருகிறேன்.

உசிலம்பட்டி அக்கா, அந்தச் செடியைப் பிரிக்காமல், உரம் அதிகம் போடாமல் அப்படியே விட்டுவையுங்கள்.

திருநகர் மாடி

தம்பி, பாட்டி தப்பு செய்தார் என்று நான் எழுதவே இல்லை. நான் கேட்காமல் இருந்ததைத்தான் எழுதினேன். அவர் ஏன் பிடுங்கினார் என்பது எனக்கு அன்றைக்கே புரிந்தது.

உங்கள் பதிவையெல்லாம் நேற்று மகளுக்குப் படித்துக் காட்டினேன். அங்கே இப்போதுதான் பனி கரைந்திருக்கிறது. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: பாட்டி கொடி குத்தி வைத்ததில் இரண்டு செடி இந்தக் குளிரில் போய்விட்டதாம். உரக்குழி ஓரத்தில் மட்டும் நாலைந்து இடத்தில் விசிறி மாதிரி குருத்து வந்திருக்கிறதாம். அத்தனை வருஷமும் அங்கே எத்தனையோ செடியைப் போட்டிருக்கிறார், எது எதுவென்று பூத்தால்தான் தெரியும். ஜூலையில் நாவல்பழ நிறத்தில் ஒன்று பூத்தால் பாட்டியிடம் கேட்டு வாங்கிவிடு என்று சொல்லியிருக்கிறேன். சாய்ந்தாலும் பரவாயில்லை, குச்சி ஊன்றிக்கொள்ளலாம்.

உசிலம்பட்டி

அக்கா, ஜூலை பூராவும் எங்கேயும் ஊருக்குப் போய்விடாமல் இருக்கச் சொல்லுங்கள்.