கன்வென்ஷனில் கை உயர்த்தினேன், இன்னும் லேபில்தான் இருக்கிறேன்

லேப்_தம்பி:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். 19 வயதில் ஒரு கன்வென்ஷனில், முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் கை உயர்த்துங்கள் என்றபோது அழுதுகொண்டே உயர்த்தினேன். இப்போது வயது 34. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். காலை ஆறரைக்கு வெறும் வயிற்றோடு வந்து நிற்கிறவர்களுக்கு ரத்தம் எடுக்க ஆரம்பித்தால் நிமிர்ந்து பார்க்கப் பத்து மணி ஆகிவிடும். ஆராதனையில் மிஷனரிகள் சாட்சி சொல்லும்போதெல்லாம், கர்த்தரிடம் கொடுத்த வார்த்தையை மீறிவிட்டேன் என்று நெஞ்சு அடைக்கிறது. வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன், ஆனாலும் நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரி இருக்கிறது. நேர்ந்துகொண்டு செய்யாமல் போவதைவிட நேராமல் இருப்பதே நலம் என்று பைபிளில் பிரசங்கி 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறதே, அது தூங்க விடுவதில்லை. வேலையை விட்டுவிடட்டுமா?

டீச்சரம்மா:
தம்பி, அந்த வசனத்தை லேசாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு நீங்கள் கொடுத்தது உங்களையா, அல்லது ஒரு பதவிப் பெயரையா? அப்போஸ்தலன் பவுல் கொரிந்து பட்டணத்தில் ஒன்றரை வருஷம் தங்கியபோது ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு சேர்ந்து கூடாரம் செய்து பிழைத்தார். பிற்பாடு எபேசு சபை மூப்பர்களிடம் விடைபெறும்போது, என் தேவைக்கும் என்னோடு இருந்தவர்களுக்கும் இந்தக் கைகளே உழைத்தன என்கிறார். தொழில் செய்த நேரத்தை அவர் வீண் என்று எண்ணவில்லை.

போன வருஷம் என் கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ரத்தம் எடுக்க வந்த பையனுக்கு இரண்டு தரம் குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. அவன் ஊசியை வைத்துவிட்டு, வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து அவர் கையில் சுற்றி, பக்கத்தில் உட்கார்ந்து "தாத்தா, எந்த ஊர் நீங்க?" என்று பேச்சுக் கொடுத்தான். அஞ்சு நிமிஷம் கழித்து ஒரே குத்தில் எடுத்தான். அவன் எந்த மதமோ எனக்குத் தெரியாது. அந்த வார்டில் அன்றைக்கு ஊழியம் நடந்தது என்று மட்டும் தெரியும்.

குமரிக்காரன்:
நான் கத்தோலிக்கன். எங்களிலும் இறையழைத்தல் என்றாலே சாமியாராகவோ சிஸ்டராகவோ போவது என்றுதான் பேச்சு. ஆனால் 1964இல் எங்கள் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், எந்த நிலையில் வாழ்கிறவர்களுக்கும் தூய வாழ்வுக்கான அழைப்பு உண்டு என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. எங்கள் மாவட்டத்து தேவசகாயத்தையே பாருங்கள். குருவானவர் அல்ல, திருமணமானவர், திருவிதாங்கூர் அரசு வேலையில் இருந்தவர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார், 1752இல் ஆரல்வாய்மொழி அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். ஒரு பொதுநிலையினர்தான்.

வடக்கே_ஒன்பது_வருஷம்:
தம்பியை ரொம்பச் சீக்கிரம் ஆறுதல்படுத்தி அனுப்பிவிடாதீர்கள் என்று தோன்றுகிறது. நான் வங்கி வேலையை விட்டு மிஷனரியாகப் போனவன். அழைப்பு நிஜம், சிலருக்கு அது வீட்டை விட்டுக் கிளம்பச் சொல்கிற அழைப்பாகவே வரும். ஆனால் குற்ற உணர்ச்சியை அழைப்பென்று நினைத்துக் கிளம்பாதீர்கள். முதல் தடவை நான் அப்படித்தான் கிளம்பப் பார்த்தேன், நல்லவேளை எங்கள் சபைப் போதகர் ஐயர் தடுத்தார். அந்தியோகியாவில் பர்னபாவும், சவுல் என்கிற அந்தப் பவுலும் தாங்களாக மூட்டை கட்டவில்லை, சபை உபவாசித்து ஜெபித்து கைகளை வைத்து அனுப்பியது. அப்புறம் ஒன்று, ஊழியத்துக்குப் போனால் ஜெபம் தானாக வளரும் என்று எண்ண வேண்டாம். போன முதல் வருஷம்தான் என் ஜெபம் வறண்டு கிடந்தது, கூட்டம் நடத்தவும் அறிக்கை எழுதவுமே நேரம் சரியாக இருந்தது.

நான் இருந்த ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில் லேபுக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடினார்கள். குடும்பத்தோடு பத்து நாள் போய்ப் பாருங்கள். முதலில் உங்கள் மனைவி என்ன சொல்கிறார்? அதை நீங்கள் எழுதவே இல்லையே.

லேப்_தம்பி:
அண்ணா, கடைசிக் கேள்வி என்னைப் பிடித்து உலுக்கிவிட்டது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவளிடம் இதைச் சொன்னதே இல்லை. நேற்று ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத்தனை வருஷம் இதைத் தனியாகவா சுமந்தீங்க?" என்று கேட்டாள். இருவரும் சேர்ந்து ஜெபித்தோம், எனக்கு வார்த்தை வரவில்லை, அவள்தான் ஜெபித்தாள். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரண்டு பேருமாக ஐயரைப் பார்க்கப் போகிறோம். அந்த மிஷன் ஆஸ்பத்திரி விவரத்தைத் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா? டிசம்பர் லீவில் போய்வரலாம் என்கிறாள்.