தோர்தோன் ஆற்றோரம் 65 கிலோமீட்டர் சைக்கிள்: வழியில் நீங்கள் சந்தித்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

பிரான்சின் தென்மேற்கில் சார்லா என்றொரு ஊர். அங்கிருந்து கிளம்பி, தோர்தோன் ஆற்றின் இரண்டு கரையிலும் சுற்றிவிட்டு மறுபடி சார்லாவுக்கே வந்து சேரும் பாதையை இங்கே சிலராவது ஓட்டியிருப்பீர்கள். நான் போன வருடம் செப்டம்பர் கடைசியில் போனேன். சுமார் 65 கிலோமீட்டர், நிதானமாகப் போனால் ஒரு முழு நாள். இந்தப் பாதையைப் பற்றி யாரைக் கேட்டாலும் கோட்டைகளைத்தான் சொல்கிறார்கள். எனக்கு வழியில் சந்தித்தவர்கள்தான் இன்னும் நினைவில் இருக்கிறார்கள். என் கதையை முதலில் சொல்கிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

போர்தோவிலிருந்து சைக்கிளோடு ரயிலேறினால் சார்லாவிலேயே இறங்கலாம். ஊரைத் தாண்டியதும் பழைய ரயில் பாதையைத் தார் போட்டுச் சைக்கிளுக்கென்று விட்டிருக்கிறார்கள். ரயில் போன வழி என்பதால் கார்சாக் வரை ஏற்றமே தெரியாது. அடுத்து மோன்ஃபோர், ஆறு லாடம் மாதிரி வளைந்து ஓடும் இடம், பாறை நுனியில் கோட்டை. அப்புறம் விட்ராக், பாலம் தாண்டினால் சேனாக். சேனாக்கிலிருந்து தோம் என்ற மலையூருக்கு ஏறுவதுதான் அன்றைக்கு உள்ள ஒரே கடினமான வேலை. இரண்டரை கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 150 மீட்டர் உயரம். அடிவாரத்திலேயே கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள், பாரம் ஏறிய பிறகு வளைவில் மாற்றினால் செயின் கழன்றுவிடும்.

தோம் 1281இல் மூன்றாம் பிலிப் மன்னன் கட்டச் சொன்ன அரண் ஊர். 1307இல் பிடிபட்ட டெம்ப்லர் என்ற கிறிஸ்தவத் துறவிப் படை வீரர்களை அதன் வாசல் கோபுரங்களில் அடைத்து வைத்திருந்தார்களாம், சுவரில் கீறிய சிலுவைகளைக் காட்டுகிறார்கள். ஊரின் விளிம்பில் நின்று பார்த்தால் காலையில் வந்த வழி முழுக்கக் கீழே தெரியும், நடுவே ஆறு, இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக வால்நட் தோப்புகள். அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

இறங்கி செயு என்ற சின்ன ஆற்றுப் பள்ளத்தாக்கில் போகும்போதுதான், சென்-சிப்ரனே பக்கத்தில், ஒரு கூரான கல் பின் டயரைக் கிழித்துவிட்டது. ட்யூப் கையில் இருந்தது. ஆனால் டயரிலேயே விரல் நகம் நீளத்துக்குக் கிழிசல், புது ட்யூப் போட்டாலும் அந்த வழியாகப் பிதுங்கி வெடிக்கும். சாலையோரத் தோப்பில் வயதான கணவனும் மனைவியும் வால்நட் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் வந்தார், கிழிசலில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் கொட்டகைக்குள் போய்விட்டார். திரும்பி வரும்போது கையில் காலிப் பால் அட்டைப்பெட்டியும் கத்தரியும். அட்டையில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு வெட்டி, நான்கு மூலைகளையும் வட்டமாகக் கத்தரித்தார், மூலை கூராக இருந்தால் ட்யூபைக் குத்தும் என்று அப்போதுதான் முதல் வார்த்தை பேசினார். அதைக் கிழிசலுக்கு உள்பக்கம் வைத்து, ட்யூபை நுழைத்து, பாதிக் காற்று மட்டும் அடிக்கச் சொன்னார். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கண்ணை டயர் மட்டத்துக்குக் கொண்டுபோய், எங்கேயாவது புடைக்கிறதா என்று பார்த்தார். புடைக்கவில்லை. அப்புறம்தான் மீதிக் காற்று. அந்த டயரில் சார்லா வரை முப்பது கிலோமீட்டருக்கு மேல் வந்தேன்.

எந்த ஊர் என்று கேட்டார். பாண்டிச்சேரி என்றேன். மனிதர் நிமிர்ந்து நின்று, "பொந்திஷேரி, காரிக்கால், யனாவோன், மாஹே, ஷாந்தெர்நகோர்" என்று வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இந்தியாவில் பிரான்ஸ் ஆண்ட ஐந்து ஊர்களையும் ஒரே மூச்சில் சொன்னார். சின்ன வயதில் பள்ளியில் மனப்பாடம் செய்ய வைத்தார்களாம், இத்தனை வருடத்தில் அந்த ஐந்தில் ஒன்றிலிருந்து வந்த ஆளை இப்போதுதான் பார்க்கிறாராம். என் தாத்தா பிறந்தது காரைக்காலில் என்றதும் மனைவியைக் கூப்பிட்டு மறுபடி அதையே சொல்லச் சொன்னார். அந்த அம்மா இரண்டு கை நிறைய புது வால்நட் கொடுத்தார். மரத்திலிருந்து விழுந்த சில நாட்களுக்குப் பருப்பு ஈரமாக இருக்கும், மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை உரித்துவிட்டுத்தான் தின்ன வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். உரித்துக் காட்டினார். தோல் போன பருப்பு இளந்தேங்காய் நிறத்தில் இருந்தது.

* * *

தம்பி, அந்த ஐந்து ஊர் கதையைப் படித்து என் வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டினேன். நாங்கள் இருவரும் ஜூன் மாதம் போனோம், எங்கள் அனுபவம் மிலாந்த் கோட்டையில்.

காஸ்தெல்நோ என்ற கோட்டை ஊரிலிருந்து தென்கரையிலேயே இன்னும் ஐந்து கிலோமீட்டர் போனால் மிலாந்த். போக வர பத்து கிலோமீட்டர் கூடுதல் என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். அது ஜோசஃபின் பேக்கர் வாழ்ந்த வீடு. அமெரிக்காவில் பிறந்த கறுப்பினப் பெண், பாரிஸ் மேடைகளில் பெரும்புகழ் பெற்றவர், உலகப்போரில் பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்துக்காக உளவு வேலை செய்தவர். 1947இல் இந்தக் கோட்டையை வாங்கினார். பல நாடுகளிலிருந்து 12 பிள்ளைகளைத் தத்தெடுத்து இங்கேதான் வளர்த்தார். கடன் ஏறி வீடு ஏலத்தில் போய், 1969இல் வெளியேற்றியபோது சமையலறை வாசல் படியில் தலையில் தொப்பியோடு, போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கும் புகைப்படம் ஒன்று உண்டு.

அந்தப் படியைத் தேடிக்கொண்டு போனபோது அங்கே ஒரு பாட்டி நின்றிருந்தார், பேத்தியோடு. பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவராம். சிறுமியாக இருந்தபோது, பிள்ளைகளோடு பேக்கர் ஆற்றங்கரைக்கு இறங்கி வருவதை வேலிக்குப் பின்னால் நின்று பார்த்ததாகச் சொன்னார். "எங்கள் ஊரில் அவர்களைப் பற்றிக் கெட்டதாகப் பேசினவர்கள் உண்டு, என் அப்பாவும் பேசினார்" என்று நேராகவே சொன்னார். 2021 நவம்பரில் நாட்டின் பெரியோர் நினைவிடமான பாரிஸ் பான்தியோனில் பேக்கருக்கு மரியாதை செய்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தனியாக அழுதாராம். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பேத்தி என் ஹெல்மெட்டை வாங்கித் தலையில் மாட்டிப் பார்த்தது.

* * *

அக்கா எழுதியதற்குப் பிறகு என்னுடையது சாதாரணம்தான், இருந்தாலும் வடகரையில் வருபவர்களுக்கு உதவும்.

காஸ்தெல்நோவும் பெய்னாக்கும் ஆற்றுக்கு இரண்டு பக்கமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் கோட்டைகள். நூறாண்டுப் போரில் ஒன்று ஆங்கிலேயர் பக்கம், எதிரே உள்ளது பிரெஞ்சுக்காரர் பக்கம். காஸ்தெல்நோவில் கல்லெறியும் பெரிய போர் இயந்திரங்களை மறுபடி செய்து வைத்திருக்கிறார்கள், பார்க்க வேண்டியவை. ஆனால் பெய்னாக் ஊருக்குள் சைக்கிளில் போவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு, நடுவே ஒடுங்கிய சாலையில் சுற்றுலாப் பேருந்துகள். ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும் வண்டி ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது பிரான்சில் சட்டம், அங்கே அதற்கு இடமே இல்லை. ஜூலை, ஆகஸ்ட் என்றால் காலை ஒன்பதுக்கு முன்னால் கடந்துவிடுங்கள்.

இந்த நெரிசலுக்காகத்தான் புறவழிச்சாலை கட்டத் தொடங்கினார்கள். 2018 டிசம்பரில் உச்ச நிர்வாக நீதிமன்றம் வேலையை நிறுத்தியது, அடுத்த வருடம் கட்டினதை இடிக்கச் சொல்லித் தீர்ப்பு. நான் போனபோது பாலமில்லாத தூண்கள் ஆற்றுக்குள் அப்படியே நின்றன. கரையில் தூண்டில் போட்டிருந்தவரிடம் கேட்டேன். தன் வீட்டு ஜன்னல் பேருந்து போகும்போதெல்லாம் நடுங்குகிறது, அதனால் சாலை வேண்டும் என்றிருந்தாராம். தூண்கள் எழும்பியதும் ஆற்றைப் பார்க்கவே பிடிக்காமல் போய்விட்டதாம். இரண்டையும் அவர் மனதாரத்தான் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று எனக்கும் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

லா ரோக்-கஜாக்கில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். செங்குத்துப் பாறையின் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர், தெற்கு வெயில் முழுக்க விழுவதால் வாழைமரமே வளர்கிறது! 1957 ஜனவரியில் அந்தப் பாறை சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். மேலே பார்த்தால் பெயர்ந்த இடம் வேறு நிறத்தில் தெரியும்.

ஒரு சந்தேகம்: தண்ணீருக்கு என்ன செய்தீர்கள்? மதியம் 12 முதல் 2 வரை எந்தக் கடையும் திறந்திருக்கவில்லை.

* * *

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம்தான். எந்தக் கிராமத்திலும் தேவாலயத்துக்குப் பக்கத்திலோ ஊர் ஓரத்திலோ இருக்கும், பூச்செடிகளுக்கு ஊற்ற வாசலில் குழாய் வைத்திருப்பார்கள். குடிக்கக் கூடாத தண்ணீர் என்று பலகை இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். எனக்கு முதலில் தயக்கமாக இருந்தது, ஒரு கல்லறைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தவர்தான் பாட்டிலை வாங்கி அவரே நிரப்பிக் கொடுத்தார்.

இந்த செப்டம்பர் கடைசியிலும் போகிறேன். அக்கா சொன்னதால் மிலாந்தையும் சேர்த்துக்கொள்கிறேன், போன முறை டயருக்குப் பயந்து காஸ்தெல்நோவோடு திரும்பிவிட்டேன். சென்-சிப்ரனே தோப்பில் இறங்கி அந்தப் பெரியவரைப் பார்க்க வேண்டும், காரைக்கால் கடற்கரையில் தாத்தா நிற்கும் படம் ஒன்று பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். யாராவது கூட வருவதென்றால் சொல்லுங்கள், பம்பும் ட்யூபும் நான் கொண்டுவருகிறேன். ஒரு காலிப் பால் அட்டையும்.