லேப்டாப் மாறியது, ஹார்ட் டிஸ்க் மாறவில்லை: உங்கள் அனுபவம் எப்படி?

என் லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. காரணம் தண்ணீர். ஊற்றியது யார் என்று கேட்காதீர்கள். நல்லவேளையாக உள்ளே இருந்த 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) ஒன்றும் ஆகவில்லை. மாமா வீட்டில் ஒரு பழைய லேப்டாப் சும்மா கிடந்தது. இதைக் கழற்றி அதில் மாட்டிவிடலாம், பத்து நிமிட வேலை என்று உட்கார்ந்தேன். இரண்டு ராத்திரி போனது.

மாமா லேப்டாப்பின் அடிமூடியில் பதினொரு ஸ்க்ரூ. அத்தனையும் கழற்றிய பிறகும் ஒரு மூலை மட்டும் வரவில்லை. நெம்பினேன். 'டக்' என்று ஒரு கொக்கி உடைந்தது. அப்புறம்தான் ரப்பர் காலுக்கு அடியில் பன்னிரண்டாவது ஸ்க்ரூ இருப்பதைப் பார்த்தேன். ஒரு விஷயம் மட்டும் உருப்படியாகச் செய்தேன். அட்டையில் மூடியின் படத்தை வரைந்து, ஸ்க்ரூக்களை அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்தேன். எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டை இடத்தில் முறுக்கினால் மறுபக்கம் கீபோர்டு ஓரம் புடைத்துவிடும்.

முதலில் பேட்டரி கனெக்டரைப் பிடுங்கிவிட்டுத்தான் மற்றதைத் தொட்டேன். டிரைவை மேல்நோக்கித் தூக்காதீர்கள், கனெக்டரிலிருந்து விலகும்படி நேராகப் பின்னால் இழுங்கள். அந்தப் பிளாஸ்டிக் நாக்கு உடைந்தால் டிரைவே போச்சு. மாமாவுடைய ஹார்ட் டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், என் எஸ்எஸ்டி 7. உள்ளே வைத்தால் லொடலொட என்று ஆடியது. எஸ்எஸ்டி வாங்கியபோது டப்பாவில் ஒரு பிளாஸ்டிக் சட்டம் இருந்தது, எதற்கென்று புரியாமல் தூக்கிப் போட்டிருந்தேன். இதற்குத்தான் அது!

சரி, மாட்டி ஆன் செய்தேன். விண்டோஸ் வட்டம் நாலு சுற்று சுற்றியது, நீலத்திரை வந்தது, தானாக ரீஸ்டார்ட் ஆனது, மறுபடி நீலத்திரை. 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று ஒரு வரி. டிரைவ் செத்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். விஷயம் வேறு. பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள்) சாட்டா மோட், அதாவது டிஸ்கோடு பேசும் முறை, என் பழைய லேப்டாப்பில் ஏஹெச்சிஐ, மாமாவுடையதில் ரெய்ட். என் விண்டோஸ் எழுந்திருக்கும்போது ரெய்டுக்கான டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) அதன் கையில் இல்லை, அதனால் தான் உட்கார்ந்திருக்கும் டிஸ்கையே அதற்குத் தெரியவில்லை. மோடை ஏஹெச்சிஐக்கு மாற்றினேன். கொஞ்ச நேரம் சாதனங்களைத் தயார் செய்தது, ஒருமுறை ரீஸ்டார்ட் ஆனது, என் பழைய வால்பேப்பர் அப்படியே வந்து நின்றது. மூலையில் மட்டும் 'விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்' என்று மங்கலாக ஓர் எழுத்து. லேப்டாப்போடு வந்த லைசென்ஸ் மதர்போர்டோடு போய்விடுமாம்.

உங்களுக்கு என்னென்ன ஆச்சு, சொல்லுங்கள்.

*

உங்களுக்கு நீலத்திரையோடு போயிற்று. என் தங்கை லேப்டாப்பின் டிரைவை வேறு லேப்டாப்பில் மாட்டியதும் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) திரை வந்து 48 இலக்க ரிக்கவரி கீ கேட்டது. "அண்ணா, நான் எந்தப் பூட்டும் போடவே இல்லை" என்று சத்தியம் செய்தாள். அவள் சொன்னது உண்மைதான். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்தால் பல லேப்டாப்களில் விண்டோஸ் தானாகவே டிஸ்கைப் பூட்டிவிடும். சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப்பில் இருப்பதால் அதே லேப்டாப்பில் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. டிஸ்க் வேறு போர்டுக்குப் போனதும் 'நீ யார்' என்று கேட்கிறது.

அவள் கணக்கில் போய்ப் பார்த்தால் சாவி பத்திரமாக இருந்தது. ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. அவள் போனைப் பார்த்துப் படிக்க, நான் தட்ட. ஒரு தொகுதியில் ஓர் இலக்கம் மாறினாலும் அங்கேயே பிடித்துவிடுகிறது. ஒவ்வொரு ஆறிலக்க எண்ணும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும் என்பதால் அப்படி. யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

பழைய லேப்டாப் உயிரோடு இருக்கும்போதே மாற்றுபவர்கள் பிட்லாக்கரை முதலில் நிறுத்தி, பூட்டு முழுவதும் அவிழும்வரை காத்திருங்கள். கடைசியாக ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். சாதாரண ஷட்டவுனில் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும்.

*

லினக்ஸ்காரன் நான், கொஞ்சம் பெருமை பேசிக்கொள்கிறேன். என் டிஸ்கையும் வேறு லேப்டாப்பில் மாட்டினேன். டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி) வந்துவிடுவதால் வைஃபை வரை எல்லாம் தானாக வேலை செய்தன. ஆனால் முதலில் எழுந்திருக்கவே இல்லை. 'பூட் டிவைஸ் இல்லை' என்றது. எந்த ஃபைலை வைத்து எழ வேண்டும் என்ற குறிப்பை யுஇஎஃப்ஐ (பயாஸின் புது வடிவம்) மதர்போர்டின் நினைவகத்தில்தான் எழுதி வைக்கிறது, டிஸ்கில் அல்ல. புது லேப்டாப்பின் பூட் மெனுவில் புதிய வரி சேர்த்து, டிஸ்கில் இருந்த, லினக்ஸை எழுப்பும் கிரப் ஃபைலைக் காட்டினேன். வந்துவிட்டது.

பெருமை அவ்வளவுதான். அடுத்த முறை எம்.2 டிரைவ், குச்சி போன்ற சின்ன எஸ்எஸ்டி. அதில் இரண்டு வகை என்று தெரியாது. இரண்டும் 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம், பார்க்க இரட்டைப் பிள்ளைகள். பேசும் முறைதான் வேறு: ஒன்று சாட்டா, இன்னொன்று என்விஎம்இ. என் ஸ்லாட் என்விஎம்இயை மட்டும்தான் ஏற்கும். சாட்டா டிரைவ் அழகாகப் பொருந்தி உட்கார்ந்தது. பயாஸில் பெயர்கூடத் தெரியவில்லை. டிரைவின் கனெக்டர் ஓரத்தில் உள்ள வெட்டைப் பார்த்திருக்க வேண்டும்: என்விஎம்இயில் பெரும்பாலும் ஒரு வெட்டு, சாட்டாவில் இரண்டு.

*

முதலில் எழுதியவன்தான். ஒரு பின்கதை. நேற்று மாமா போன் செய்தார். "டேய், அந்த லேப்டாப்ல உங்க அத்தையோட பழைய போட்டோ எல்லாம் இருந்துச்சே, அது எங்கடா?"

ரெய்ட் விவகாரம் தெரிவதற்கு முன்னால், சோதனைக்கு ஒரு டிஸ்க் வேண்டும் என்று அவருடைய ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் செய்யப் போனவன் நான். சோம்பலில் விட்டிருந்தேன். டிராயரிலிருந்து எடுத்து யுஎஸ்பி கேஸில் போட்டுப் பார்த்தேன். ஃபோல்டரைத் திறக்கவிடாமல் 'அனுமதி இல்லை' என்றது, 'தொடரவும்' கொடுத்ததும் திறந்தது. அத்தை சிரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன், ஞாயிறு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

உடைந்த கொக்கியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.