மொட்டை மாடியிலிருந்து எழுப்பிய ட்ரோன்: நம் அனுபவங்கள்

திருமண ஒளிப்பதிவாளர், தஞ்சாவூர்:

2023 தை மாதத்தில் தஞ்சாவூரில் ஒரு திருமணத்தைப் படம்பிடிக்கச் சென்றிருந்தேன். மண்டபத்து மொட்டை மாடியிலிருந்து ட்ரோனை எழுப்பினால், ஊர்வலத்துக்குப் பின்னணியில் பெரிய கோயிலின் விமானமும் தெரியும் என்று பெண்ணின் தந்தை ஆசையோடு கேட்டார். என்னிடம் இருந்தது 249 கிராம் எடையுள்ள சிறிய கருவி. 250 கிராம் வரையிலான ட்ரோன்கள் நானோ வகையைச் சேர்ந்தவை, அவற்றை இயக்கத் தொலைநிலை விமானிச் சான்றிதழ் தேவையில்லை என்று எங்கோ படித்திருந்ததை, எங்கு வேண்டுமானாலும் பறக்கவிடலாம் என்று நானாகவே விரித்துப் பொருள் கொண்டிருந்தேன். கருவி மேலே போய்க் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. காவலர்கள் இருவர் மாடிக்கே வந்துவிட்டார்கள்.

மூத்தவர் குரலை உயர்த்தவில்லை. "ஏன் தம்பி, இங்க ஏர்ஃபோர்ஸ் இருக்குறது தெரியாதா?" என்று மட்டும் கேட்டார். தெரியும். 2020 ஜனவரியில் சுகோய் போர் விமானங்களின் அணி ஒன்று தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் சேர்க்கப்பட்டபோது, அந்தச் செய்தியைப் பெருமையோடு நண்பர்களுக்கு அனுப்பியவன் நான். ஆயினும் அந்த விமானங்கள் ஏறி இறங்கும் வானமும் என் கருவி பறக்கும் வானமும் ஒன்றுதான் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. பதிவு முழுவதையும் அவர்கள் முன்னிலையில் அழித்து, எழுத்துமூலம் விளக்கம் கொடுத்த பிறகே கருவி கைக்கு வந்தது. ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு என்பதையும் அங்கேதான் கேள்விப்பட்டேன்.

2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகளை அன்றிரவே உட்கார்ந்து படித்தேன். நாட்டின் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் யாரும் அதைப் பார்க்கலாம். பச்சையில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம், மஞ்சளுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும், சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். எடை குறைந்தால் சான்றிதழில் சலுகை உண்டே தவிர, இடத்தில் இல்லை. இது நியாயமான விதி என்றே கருதுகிறேன்.

என்னை உறுத்துவது வேறொன்று. காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி, 96 மணி நேரத்துக்கு மிகாமல் ஓரிடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். அப்படியொரு உத்தரவு மண்டபத்து மேலாளருக்கும் எங்களைப் போன்ற ஒளிப்பதிவாளர்களுக்கும் தமிழில், உரிய நேரத்தில் வந்து சேர வேண்டும். அதுவரை, முகூர்த்த நாளன்று விடியற்காலையில் வரைபடத்தைப் பார்ப்பதோடு, அருகிலுள்ள காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே கருவியை வெளியே எடுக்கிறேன்.

மருந்து தெளிப்பு ட்ரோன் இயக்குபவர்:

மேலே சொன்னவரின் தவறைத்தான் நான் வயலில் செய்தேன். நெற்பயிருக்கு மேல் பத்தடி உயரத்தில் பறப்பதற்கு யாரிடம் அனுமதி கேட்பது என்று நினைத்திருந்தேன். முறையாகப் பயிற்சி பெற்றுச் சான்றிதழும் வாங்கியவன் என்பதால் அந்த நினைப்பு இன்னும் உறுதியாக இருந்தது. அந்த வயலோ ஒரு விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டரில் இருந்தது. எட்டிலிருந்து 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்குள் தடையில்லாமல் பறக்கலாம். ஐந்திலிருந்து எட்டு வரையிலோ மஞ்சள் மண்டலம் தரையிலிருந்தே தொடங்கிவிடுகிறது. பக்கத்து வயல்காரர் வரைபடத்தைத் தம் கைபேசியில் திறந்து காட்டிய பிறகே இது எனக்குப் புரிந்தது. கலக்கிய மருந்தை வீணாக்க மனமில்லாமல், அன்று பெரியவர் ஒருவரோடு சேர்ந்து கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு நான்கு ஏக்கரையும் நடந்தே முடித்தேன். இப்போது வயலின் சர்வே எண்ணைக் கேட்கும்போதே அதன் இருப்பிடத்தையும் கைபேசியில் அனுப்பச் சொல்லிவிடுகிறேன்.