கணினிக்கான திறந்த சட்டக் கேபினெட்: படத்தில் கண்ட அழகு வீட்டில் இல்லை, திருப்பி அனுப்பிவிடலாமா?

கேள்வி

வணக்கம். மினி-ஐடிஎக்ஸ் என்ற சிறிய அளவு கணினி மதர்போர்டுக்காக, பக்கத் தகடோ கண்ணாடியோ இல்லாத சிறிய அலுமினியச் சட்டக் கேபினெட் ஒன்றை வாங்கிச் சென்ற வாரம் எல்லாவற்றையும் பொருத்தினேன். கறுப்பு அனோடைஸ் பூச்சையும், அதன் ஓரத்தில் மெல்லிய கோடாக மின்னும் வெள்ளி விளிம்பையும் பார்த்துத்தான் வாங்கினேன். தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்து மேசையில் வைத்தபோது, கேபிள் குவியலுக்கு நடுவே சட்டம் இருப்பதே தெரியவில்லை. போதாக்குறைக்கு, அந்த வெள்ளி விளிம்பில் விரல் பட்டால் சுருக்கென்கிறது. கறுப்புப் பரப்பைத் தொட்டால் ஒன்றுமில்லை. திருப்பி அனுப்ப நான்கு நாட்களே உள்ளன. குறை வடிவமைப்பிலா, நான் பொருத்திய விதத்திலா?

மறுமொழி 1

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள் ஐயா, அழகைப் பிறகு பேசலாம். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் மின்கம்பிகளுக்கும் உலோக உடலுக்கும் இடையே இருக்கின்றன. எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே வரும் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி சட்டத்திலேயே நிற்கும். அனோடைஸ் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. அந்த வெள்ளி விளிம்பு பூச்சுக்குப் பிறகு சீவிய வெறும் அலுமினியமாக இருக்கக்கூடும். சாக்கெட், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டின் எர்த்தையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

மறுமொழி 2

மூடிய கேபினெட்டைத் தகட்டைப் பார்த்து மதிப்பிடலாம். இதில் கேபிளும் கிராபிக்ஸ் கார்டின் முதுகும்தான் வெளித்தோற்றம் என்பதால், வெறும் சட்டத்தின் படம் உங்களுக்கு எதையும் சொல்லியிருக்காது. நீங்கள் போட்டிருப்பது ஏடிஎக்ஸ் எனும் பெரிய அளவு எஸ்.எம்.பி.எஸ். என்றால், 17 செ.மீ. போர்டுக்கு 60 செ.மீ. கேபிள் வந்து நிற்கும். மீதியை மறைக்கத் தகடு இல்லை. போர்டின் பின்புறம் கேபிளைக் கொண்டுபோக வழி இருக்கிறதா என்று பாருங்கள். வழியே இல்லையென்றால் அது வடிவமைப்பின் குறை, தயங்காமல் அனுப்பிவிடுங்கள்.

விளிம்பின் தரத்தை அறிய, பழைய வேட்டித் துணியை அதன்மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள்; நூல் சிக்கும் இடத்தில் பிசிறு இருக்கிறது, கையைக் கிழிக்கும். உங்கள் ஊர் உப்புக் காற்றில் வெறும் அலுமினியம் மங்கிப் புள்ளி விழும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். வீட்டில் குழந்தை இருந்தாலோ பல்லி நடமாட்டம் இருந்தாலோ, கார்டின் விசிறி வெளியே பார்த்து நிற்கும் இந்த அமைப்பே எனக்குச் சம்மதமில்லை.

கேட்டவரின் பதில்

இருவருக்கும் நன்றி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திறந்தபோது, எர்த் கம்பி திருகில் மாட்டப்படாமல் உள்ளேயே மடங்கிக் கிடந்தது. அதை மாட்டிய பிறகு விளிம்பு சுருக்கென்பதில்லை. ஏடிஎக்ஸ் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குப் பதில், நண்பரிடமிருந்த, எஸ்எஃப்எக்ஸ் எனும் சிறிய அளவு எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை அதன் குட்டைக் கேபிள்களோடு மாட்டிப் பார்த்தேன். போர்டுக்குப் பின்னால் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது. கேபிள்கள் அதற்குள் அடங்கின, சட்டத்தின் கோடு கூடத்து வாசலிலிருந்தே தெரிகிறது. கீழ் மூலையில் மட்டும் துணி சிக்கியது. மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாமா?

மறுமொழி 2

தேய்க்காதீர்கள். தேய்த்தால் பூச்சு போகும், திருப்பி வாங்கவும் மாட்டார்கள். அந்த மூலையைப் படமெடுத்து, மாற்றுச் சட்டம் கேட்டு இன்றே எழுதுங்கள்.